என் தரையில் நான் படுப்பேன்

வேலையை முடித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும் பொருள் நல்ல பொருள். முடித்த பிறகும் பேசிக்கொண்டிருக்கும் பொருளை நான் வீட்டில் சேர்ப்பதில்லை. மின்சாதனங்களைப் பற்றி என்னுடைய அபிப்பிராயம் மொத்தமும் இவ்வளவுதான். யாராவது கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

என் மிக்ஸி கத்தும், ஆனால் சுவிட்சை அணைத்தால் அடங்கிவிடும். அதை வடலூரில் ஒரு கடையில் கொடுத்து இரண்டு தடவை மோட்டார் வைண்டிங் கட்டி வாங்கியிருக்கிறேன். இரண்டாவது தடவை கடைக்காரரே பாவப்பட்டு, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்றார். இது என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். வாஷிங் மெஷின் அப்படியில்லை. துவைத்து முடித்ததும் ஒரு முழுப் பாட்டைப் பாடும். நான் வாங்கியது துணி துவைக்கத்தானே, கச்சேரி கேட்கவா? அந்தப் பாட்டை நிறுத்தும் வழியைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. போனிலோ சிலிண்டருக்குப் பதிவு செய்தால்கூட உங்கள் அனுபவம் எப்படி இருந்தது என்று கேட்டு ஐந்து நட்சத்திரத்தை நீட்டுகிறார்கள். சிலிண்டர் பதிவு செய்ததில் ஒரு மனுஷிக்கு என்ன அனுபவம் இருக்க முடியும்?

இப்படிப் பேசினால், வயசாகிவிட்டது, இவர்களுக்கு டெக்னாலஜி பிடிபடாது என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கா பிடிபடாது? பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் மகனைவிட அதிகமாக ஸ்கிரீன் பார்ப்பவள் நான். மைன்ஸில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரி, மைல் கணக்கில் நீளும் பெல்ட்டுகளில் ஏறி அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. அந்த பெல்ட்டுகள் ஓடுகின்றனவா என்று கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கன்ட்ரோல் ரூமில் என் வேலை. சுவர் நிறைய ஸ்கிரீன்கள். ஷிஃப்ட் முடியும்வரை அவற்றின் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

இந்த வேலை என் கணவர் விட்டுப்போனது. அவர் சர்வீஸில் இருக்கும்போதே இறந்துபோனதால் கருணை அடிப்படையில் எனக்குக் கொடுத்தார்கள். முதலில் ஆபீஸில் ஃபைல் தூக்கிக்கொண்டிருந்தேன். பட்டப்படிப்பு படித்துவிட்டு ஃபைல் தூக்குவானேன் என்று தோன்றி, கேட்டுப் பயிற்சி வாங்கிக்கொண்டு கன்ட்ரோல் ரூமுக்கு வந்தேன். பெண்களும் விருப்பப்பட்டால் நைட் ஷிஃப்ட் பார்க்கலாம் என்று உத்தரவு வந்தபோது, எழுதிக் கொடுத்துவிட்டு முதலில் போனவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் பேட்ச்சில் மூன்று பெண்கள். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கணவரின் வேலையை அனுதாபத்தில் வாங்கினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது என் எண்ணம். வீம்பு என்பார்கள். வீம்புதான்.

நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் பகலில் தூங்கியாக வேண்டும். அதற்கு எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஷிஃப்ட் முடிந்து வந்தவர் வாசல் கேட்டில் ஒரு துண்டைக் கட்டிவிட்டுப் படுத்துவிடுவார். துண்டு கட்டிய வீட்டில் யாரும் பெல் அடிக்க மாட்டார்கள். தபால்காரர் கேட்டுக்குள் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஸ்பீக்கரில் வெங்காயத்தைக் கூவிக்கொண்டு வரும் காய்கறி வண்டிக்காரர்கூட துண்டைப் பார்த்ததும் ஸ்பீக்கரை அணைத்து, அந்த வீட்டைத் தாண்டித்தான் மறுபடி போடுவார். எந்த ஊரிலிருந்து மாற்றலாகி வந்தாலும் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த வாரத்திலேயே குழந்தைகள் இதைக் கற்றுக்கொண்டுவிடும். என் மகனும் கற்றுக்கொண்டவன்தான்.

நான் படுப்பது ஹாலில், வெறும் தரையில், ஃபேனுக்கு நேர் கீழே. பாய்கூட விரிப்பதில்லை. பெட்ரூம் மேற்குப் பார்த்தது, பகலில் கொதிக்கும், தரைதான் குளிர்ச்சி என்று கேட்பவர்களிடம் சொல்வேன்.

போன பொங்கலுக்கு வந்தபோது மகன் ஒரு கேமரா கொண்டுவந்தான். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை உருண்டை. பெங்களூரில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். நான் என்ன, பார்த்துக்கொள்ள வேண்டிய பொருளா? வேண்டாம் என்றேன். அப்படியானால் வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்துவிட்டு என்னோடு வந்துவிடு, இரண்டில் ஒன்று சொல் என்றான். ரிடையர் ஆக இன்னும் வருஷங்கள் இருக்கின்றன. வேலையை விட்டால் குவார்ட்டர்ஸும் போய்விடும். பெங்களூரில் பன்னிரண்டாவது மாடியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து லிஃப்ட் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். கேமராவே இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதை அப்படித்தான் ஆரம்பித்தது. டி.வி.க்கு மேலே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனான்.

முதல் வாரமே என் வீட்டில் நான் விருந்தாளி ஆகிவிட்டேன். நைட்டி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு துண்டைத் தேடி மேலே போர்த்திக்கொண்டேன். சாப்பிடும்போது காலை நீட்டிக்கொள்ளவில்லை. இங்கே மொட்டைமாடியில் துணி காயப்போட்டால்கூடக் கரித்தூள் படியும். கேமராவின் கண்ணிலும் படிந்தது. ஒருநாள் மகன் போன் பண்ணி, மங்கலாகத் தெரிகிறது, லென்ஸைக் கொஞ்சம் துடைத்து விடும்மா என்றான். என்னை வேவு பார்ப்பதற்கு நானே கண்ணாடி துடைத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பேசவும் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு மத்தியானம் அரிசி களைந்துகொண்டே ஹால் பக்கம் வந்தேன். இன்னுமா சாப்பிடல என்று சுவரிலிருந்து என் மகன் குரல் கேட்டது. பாத்திரம் கை நழுவி அரிசியும் தண்ணீரும் ஹால் முழுக்க ஓடின. அன்றைக்கே அதன் வாயில் பஞ்சை அடைத்து மேலே பிளாஸ்திரி ஒட்டினேன். அவன் கோபித்துக்கொண்டான். பார்ப்பதோடு நிறுத்திக்கொள், பேசுவதென்றால் போனில் கூப்பிடு என்றேன்.

நைட் ஷிஃப்ட் வாரம் வந்தபோது அதன் முன்னால் படுக்க எனக்குக் கூசியது. பெட்ரூமில் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. புரண்டு புரண்டு படுத்துவிட்டு, கன்ட்ரோல் ரூமில் கண் எரிய உட்கார்ந்திருந்தேன். அப்படியே சில நாள் ஓடியது. பிறகு ஒரு காலை, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதே எனக்குள் ஏதோ கொதித்துவிட்டது. என் வீடு, என் தரை, யாருக்காக நான் ஒளிந்துகொள்கிறேன்? கேட்டில் துண்டைக் கட்டினேன். போனைச் சைலன்ட்டில் போட்டு பீரோவுக்குள் வைத்தேன். வங்கிக்கடன் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நம் தூக்க நேரம் பார்த்துத்தான் மூக்கு வியர்க்கும். குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஹாலில் ஃபேனுக்குக் கீழே கையையும் காலையும் விரித்துப் படுத்தேன். பார்த்தால் பார்த்துக்கொள் என்று அந்த வெள்ளை உருண்டையிடம் சொன்னது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் நினைவில்லை. பல நாள் தூக்கம் ஒன்றாக வந்து அமுக்கிவிட்டது.

அடுத்து நடந்ததை எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவர் வீட்டுக்காரரும் மைன்ஸ்தான். மகன் ஆபீஸில் ஏதோ மீட்டிங் முடிந்து போனைத் திறந்திருக்கிறான். வெறும் தரையில் கை ஒருபக்கம் கால் ஒருபக்கமாகத் தாய் கிடக்கிறாள். கூப்பிட்டிருக்கிறான், போன் பீரோவுக்குள். கேமரா வழியாகக் கத்தியிருக்கிறான், அதன் வாயில் பஞ்சு. எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு ஓடிப்போய் எழுப்பச் சொல்லியிருக்கிறான். அக்கா வாசலுக்கு வந்து என் கேட்டைப் பார்த்திருக்கிறார்.

"துண்டு கட்டிகினு இருக்குது தம்பி. ஒங்கம்மா தூங்கிகினு இருக்காங்க. நான் எழுப்ப மாட்டேங்க" என்று சொல்லியிருக்கிறார்.

அவன் அழுதிருக்கிறான். தரையில் விழுந்து கிடக்கிறாள் என்று சொல்லியிருக்கிறான். நாங்கள் எல்லாருமே தரையில்தான் படுப்போம், நீ எந்த ஊர் பிள்ளை என்று அக்கா கேட்டிருக்கிறார். எனக்கு அந்த அக்காவைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அவன் விடவில்லை. இங்கேயே வேலையில் இருக்கும் தன் பள்ளித் தோழனைக் கூப்பிட்டான். அந்தத் தோழன் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, பின்கதவுத் தாழ்ப்பாளை உடைத்தான்.

கண் விழித்தபோது என்னைச் சுற்றிச் செருப்புக் கால்கள். யாரோ என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்கள். நைட்டி முழங்கால்வரை ஏறியிருந்தது, தலைமுடி தரையெல்லாம் கிடந்தது, வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு கேவலப்பட்டதில்லை. பையன்கள் மேல் தப்பில்லை, உதவிக்கு வந்தவர்கள். அவர்கள் போகும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, அந்தக் கேமராவைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அன்று மாலைக்குள் நான் மயங்கி விழுந்த கதை கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டது. இறங்கும்போது அது நெஞ்சுவலி ஆகியிருந்தது. ஷிஃப்ட் இன்சார்ஜ் நல்ல மனிதர். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நாளைக்கு ஜெனரல் ஷிஃப்ட்டுக்கு வந்துவிடுங்களேன் என்று அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் எனக்குப் பயமாக இருந்தது. முதலில் ஜெனரல் ஷிஃப்ட் என்பார்கள், பிறகு பழையபடி ஆபீஸில் ஒரு நாற்காலி, பிறகு வீட்டில் ஓய்வெடுங்களேன் என்பார்கள். தூங்கியதற்கு இத்தனை தண்டனையா? எனக்கு ஒன்றுமில்லை, டாக்டரிடம் காட்டி ஃபிட் என்று வாங்கிவருகிறேன், அதுவரை என் இடத்தில் யாரையும் போடாதீர்கள் என்றேன். போய்க் காட்டினேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. எல்லாம் எடுத்தார்கள். உங்களுக்குத் தூக்கம்தான் போதவில்லை என்றார் டாக்டர். தூங்குவதைத்தானே நானும் செய்துகொண்டிருந்தேன்!

மறுநாள் காலை பஸ்ஸில் மகன் வந்து இறங்கினான். முகம் வீங்கியிருந்தது. வந்ததும் வராததுமாக வி.ஆர்.எஸ். பேச்சை எடுத்தான். இனிமேல் உன்னைத் தனியாக விட முடியாது, இது முடிந்துபோன விஷயம் என்றான். நான் கேமராவை அவன் முன்னால் டீப்பாய் மேல் வைத்தேன்.

"நான் வேலையில என்ன பண்றேன் தெரியுமா உனக்கு?" என்றேன். "பெல்ட் ஓடிக்கிட்டிருந்தா அதை நாங்க யாரும் பாக்கறதில்ல. கண்ணு முன்னாடிதான் இருக்கும், மனசு எங்கயோ இருக்கும். நின்னாத்தான் பாப்போம். நீயும் அப்படித்தான். இத்தனை நாள் இதே ஹால்ல நான் பேப்பர் படிச்சேன், பூ கட்டினேன், பாட்டு போட்டுக்கிட்டு கூடவே பாடினேன். அதுல எதையாவது பாத்தியா? அசையாம கிடந்தேன், உடனே பாத்துட்ட."

அவன் கேமராவைக் கையில் எடுத்து, நான் ஒட்டிய பிளாஸ்திரியை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே சொன்னான்.

"அப்பாவும் இப்படித்தான் படுத்திருந்தார். கேட்ல துண்டு இருந்துச்சு. யாரும் எழுப்பல."

அந்த நாளைப் பற்றி இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் நைட் ஷிஃப்ட் முடித்துவந்து பெட்ரூமில் படுத்தார். நான் குக்கர்கூட வைக்காமல் வடித்துச் சமைத்தேன். பள்ளியிலிருந்து வந்த மகனிடம் வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவன் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, கால் நுனியில் நடந்து போனான். டி.வி.யைச் சத்தமில்லாமல் வைத்துக் கிரிக்கெட் பார்த்தான். மாலையில் காபி எடுத்துக்கொண்டு போய்த் தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது. தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது, காலையிலேயே போய்விட்டார், பக்கத்தில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். அன்று நாங்கள் இரண்டு பேரும் சத்தம் போடாமல் இருந்தது அவருக்காகத்தான்.

மகன் தேம்பவில்லை. ஆனால் அவன் தோள் ஆடியது. எனக்கு அவனை இழுத்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது. போட்டுக்கொண்டால் வி.ஆர்.எஸ்.ஸில் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று தெரிந்ததால் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

"அந்த ரூம்ல எனக்குத் தூக்கம் வராதுடா" என்றேன். "வெயில்னு எல்லார்கிட்டயும் சொல்றேன், வெயில் இல்ல. அவர் போனதுலேருந்து என்னால அங்க கண்ணை மூட முடியல. இந்த வீட்ல நான் தூங்கறதுக்குன்னு இருக்கறது இந்தத் தரைதான். நீ கேமராவை மாட்டி என்னைத் திரும்ப அந்த ரூமுக்கு அனுப்பிட்ட."

அவன் நிமிர்ந்து பார்த்தான். இது அவனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

"உனக்கு ஏதாவது ஆனா எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாது. பக்கத்து ரூம்ல இருந்த எனக்கே தெரியலயே. பயம் உனக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. அதுக்காகத் தினம் தினம் நான் சாகலன்னு உனக்கு நிரூபிச்சுக்கிட்டு இருக்க முடியாது. ஒருநாள் சாவேன். அதுவரைக்கும் வேலைக்குப் போவேன், வந்து இங்கதான் படுப்பேன்."

அவன் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். கேமராவைத் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான். சமாதானமாகப் போடவில்லை, கோபமாகத்தான் போட்டான். வி.ஆர்.எஸ். பற்றி இனிமேல் பேச மாட்டேன் என்றான். பிறகு பின்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் வாங்கிவந்து அவனே பொருத்தினான். அது கொஞ்சம் கோணலாக இருக்கிறது. நான் சொல்லவில்லை.

ஃபிட் என்று எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் இன்சார்ஜ் வேறு பேச்சே பேசவில்லை. அந்த வாரமே நைட் ஷிஃப்ட்டுக்குப் போனேன். பஸ்ஸில் ஒருவர் நெஞ்சுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். உங்களுக்கு வந்தால் சொல்கிறேன் என்றேன்.

காலையில் திரும்பி வந்தபோது மகன் இட்லி வாங்கி வைத்திருந்தான். அவன் ஊருக்குக் கிளம்ப இன்னும் நாள் இருந்தது. சாப்பிட்டேன், குளித்தேன். நான் உள்ளே லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன், சத்தம் போட மாட்டேன், நீ தூங்கு என்று சொல்லிவிட்டு அவன் அந்த பெட்ரூமுக்குள் போனான். நான் ஹாலில் ஃபேனுக்குக் கீழே, கையையும் காலையும் விரித்துக்கொண்டு படுத்தேன். கேமரா இருந்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. தரை சில்லென்றிருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு எனக்கு என் வீட்டில் இருப்பதுபோல இருந்தது.

கண் செருகும் நேரத்தில் லேப்டாப் மூடும் சத்தம் கேட்டது. வெறுங்காலால் யாரோ அடிமேல் அடி வைத்து நடந்து வந்தார்கள். தலைமாட்டில் முட்டி மடங்கும் சத்தம். பிறகு என் மூக்குக்கு நேராக, தொட்டும் தொடாமலும், ஒரு விரலின் சூடு.

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே சொன்னேன்.

"மூச்சு வருதுடா. போய் வேலையைப் பாரு."

விரல் உடனே போகவில்லை. இன்னொரு மூச்சு வரும்வரை இருந்துவிட்டுத்தான் போனது.